கப்பெடுத்த கை

அடியே,

உன் ஜப்பான்காரி நேற்று என் போனில் வந்தாள். நான் தேடவில்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, வெளியே மழை பிடித்துக்கொண்டது, சும்மா விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். சமையல், சாமி, எவனோ ஒருவன் தலைகீழாக நிற்பது, அதற்கடுத்து அவள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டாள். அந்த நீளக் கழுத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். ஐஸ் தரையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குகிறாள் இப்போது. ஒரு பிள்ளை தொப்பென்று விழுந்து அழுதது. இவள் அதைத் தூக்கவில்லை. பக்கத்தில் போய்த் தானும் ஐஸில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அதனோடு ஏதோ பேசினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். சோறு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். உன் ஆள் நன்றாக இருக்கிறாள், இரண்டு முழங்காலும் மடங்குகின்றன, உட்கார்ந்து எழும்ப அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவளைத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி இல்லை.

அவளை முதன்முதலில் பார்த்தது உன் வீட்டு டிவியில். உன் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து, தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்த டிவி. நம் லயத்து வரிசை வீடுகளில் கூரை மேல் டிஷ் மாட்டிய முதல் வீடு உன்னுடையது. அந்தப் பெருமை உனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. அவர் தலவாக்கலையில் ரயிலேறிப் போனதும் ரிமோட் உன் கைக்கு வந்தது. வேலை விட்டு வந்து, கால் கழுவி, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு தேத்தண்ணியோடு உட்காருவோம். அன்றைக்கு நாடகம் தேடிப்போன நீ ஒரு விளையாட்டுச் சானலில் நின்றுவிட்டாய்.

"என்னாடி இது, ஐஸ் மேல ஓடுறா!"

"விழுந்திருவா பாரு" என்றேன். எனக்கு எப்போதும் நல்ல வாய்தானே. சொல்லி மூடுவதற்குள் அவள் விழுந்தாள். மெல்லிய நீலச் சட்டை, பதினைந்து பதினாறு வயதிருக்கும், எலும்பும் தோலுமான உடம்பு. விழுந்தவள் அதே வேகத்தில் எழும்பி, ஒன்றும் நடக்காத மாதிரி பாட்டோடு சேர்ந்துகொண்டாள்.

"எழும்பிட்டா! புள்ள, எழும்பிட்டா பாருடி!" என்று நீ கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

பெரியவர்களோடு அவள் மோதிய முதல் போட்டி அது என்று பிறகு தெரிந்தது. அவள் பேர் நம் வாயில் நுழையவில்லை. நீ "நம்ம புள்ள" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு சில வருஷம் அவளோடுதான் நமக்கு ஓடியது. எந்த மாதம் போட்டி வரும், எந்த நாட்டில் நடக்கும் என்றெல்லாம் அக்கரப்பத்தனை டவுனில் போன் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நம் நானாதான் பார்த்துச் சொல்வார். போனுக்குக் காசு ரீலோட் போடப் போகிற சாக்கில் நீ அவர் உயிரை வாங்குவாய். "தங்கச்சி, உங்களுக்காகவே நான் ஜப்பான் பாஷை படிக்கணும் போல" என்று அவர் அலுத்துக்கொண்டே தேடிக் கொடுப்பார்.

நம்ம புள்ள முன்பக்கமாக ஓடி வந்து எழும்பி, காற்றிலேயே மூன்றரைச் சுற்றுச் சுற்றி இறங்குவாள். பெண்களில் அதைச் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தானாம். அது சரியாக அமைந்தால் அவள் மேலே, இல்லாவிட்டால் கீழே; அவள் பிழைப்பே அந்த ஒரு தாண்டலில் இருந்தது. ஒரு வருஷம் உலகப் போட்டியில் மூன்றாவது வந்தாள். அடுத்த வருஷம் பத்துக்குள்கூட வரவில்லை. நீ இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை, உன் வீட்டுக்காரரோடுகூட போனில் முறைத்துக்கொண்டாய். அவள் இறங்கும் முன்னமே "சுத்து கொறஞ்சு போச்சுடி, மார்க்க வெட்டிருவாங்க" என்பாய். அப்படியே வெட்டுவார்கள். எனக்கு எல்லாச் சுற்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. என் கண் எப்போதுமே மட்டம்தான்.

உனக்கு அவள் தாண்டலைவிடப் பிடித்தது வேறொன்று. ஆடி முடித்து வெளியே வந்ததும் அவளுடைய பயிற்சியாளர், கறுப்புக் கோட்டுப் போட்ட கிழவர், வாசலில் நின்று சப்பாத்துக்கு அடியில் இருக்கிற கத்திக்கு மாட்டும் உறையை எடுத்துக் கொடுப்பார். பிறகு இரண்டு பேரும் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து மார்க் வருவதைப் பார்த்திருப்பார்கள். நன்றாக ஆடினாலும் அவர் பக்கத்தில்தான் உட்காருவார், கவிழ்ந்தாலும் அதே இடத்தில்தான்.

"விழுந்துட்டு வந்தாலும் தோள்ல கைபோட ஒரு ஆள் நிக்குது பாருடி" என்றாய் ஒரு நாள். அதற்கு நான் ஏதோ கிண்டல் பண்ணினேன், கிழவருக்குக் கல்யாணமாகிவிட்டதா கேட்டுச் சொல்லவா என்று. நீ சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் உன் முழங்கால் போனது. கூடை நிறையக் கொழுந்தோடு நிறுவைக்கு இறங்கி வரும்போது, தண்ணி ஓடுகிற கான் ஓரத்து மண் சரிந்து, ஒரு கால் கானுக்குள் போய்த் திருகிக்கொண்டது. நான் அடுத்த நிரையில் இருந்தேன். நீ கத்தவில்லை. "ஆத்தாடி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தாய். கூடையைக் கழற்ற நான் ஓடி வந்தால், "கொழுந்து கொட்டிறாம பாத்து எடுடி" என்கிறாய். உன் கால் அதற்குள் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

தோட்டத்து மருந்துக்காரர் தைலமும் மாத்திரையும் தந்தார். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது நான்தான். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுசன். காலை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்து, "கந்த நகின்ன எப்பா" என்றார். மலை ஏறாதே. உனக்கும் எனக்கும் அவ்வளவு சிங்களம் தெரியும். உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்குமா என்று கேட்டார். நீ தலையாட்டினாய். மலையில் பிறந்து, மலையில் வாக்கப்பட்டு, மலையில் கொழுந்தெடுக்கிறவளிடம் மலை ஏறாதே என்று சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்?

உட்கார்ந்து செய்கிற வேலை நம் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். தவாரணை. கன்று வளர்க்கிற இடம். மண்ணைச் சலித்துச் சின்னப் பைகளில் நிரப்ப வேண்டும், தேயிலைத் துண்டை ஊன்ற வேண்டும், தண்ணி காட்ட வேண்டும். மழைக்குத் தகரம் போட்டிருக்கிறது, உட்காரப் பலகை இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுபோய், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் முன்னால் கண்டாக்கையாவிடம் நீட்டினாய். மலையில் யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தானே. அவர் அதைப் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். "பாக்கலாம்" என்றார். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு தோட்டத்தை ஓட்டிவிடலாம் போல.

அவர் பார்க்கவில்லை. அந்த வருஷம் நம்ம புள்ளைக்கும் காலில்தான் அடி. கணுக்கால் எலும்பில் கீறல் என்று நானா படித்துச் சொன்னார். ஆபரேஷன் செய்தார்கள், அந்தப் பருவம் முழுக்க அவள் எந்தப் போட்டியிலும் இல்லை. அவள் தண்ணித் தொட்டிக்குள் நடப்பதும், இரண்டு பேர் அவள் காலைப் பிடித்து மெல்ல மடக்குவதும் ஒரு வீடியோவாக வந்தது. நீ அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாய். பார்த்து, அதே மாதிரி உன் காலை நீயே பிடித்து மடக்கிக்கொண்டாய். பிறகு இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேல்மலைக்கு ஏறினாய். திரும்பி வரும்போது "நீ முன்னால போடி, நான் மெதுவா வாரேன்" என்பாய். நான் போய்ச் சேர்ந்து, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி முடித்த பிறகுதான் உன் தலை வளைவில் தெரியும்.

அப்புறம் வந்தது அந்தப் போட்டி. கொழுந்துப் போட்டி. ஆறு நாளும் நம்மைக் கொழுந்தெடுக்க வைத்துவிட்டு, ஏழாம் நாள் அதையே விளையாட்டு என்று சொல்லி எடுக்க வைக்கிற புத்தி யாருக்கு வந்ததோ தெரியவில்லை. ஒரு நல்ல மலையைக் கயிறு கட்டித் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். விசில் ஊதினால் எடுக்க வேண்டும், மறுபடி ஊதினால் நிறுத்த வேண்டும். எடையும் பார்ப்பார்கள், மேசையில் கொட்டி முற்றிய இலை கலந்திருக்கிறதா என்றும் கிளறுவார்கள், செடியில் நல்ல கொழுந்தை விட்டுவிட்டாயா என்று போய்க் குனிந்தும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மார்க். முதலில் தோட்டத்தின் நம் பகுதி, டிவிசன்; அதில் ஜெயித்தால் தோட்டம் முழுக்க, தோட்டத்தில் ஜெயித்தால் ஹட்டன் பக்கத்தில் பெரிய போட்டி.

கண்டாக்கையா உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூட வந்தேன். அவர் அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தார், அதிலேயே எனக்குச் சந்தேகம்.

"நம்ம தோட்டத்துக்கு ஒரு கப்பு எடுத்துக் குடு. தவாரணை ஒனக்குத்தான்."

"சத்தியமாங்கய்யா?"

"அட, நான் சொன்னா சொன்னதுதான்."

திரும்பி வருகிற வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கப், அதற்கப்புறம் உயிருள்ள வரைக்கும் மலை ஏற வேண்டியதில்லை. பழைய சேலையைக் கிழித்து, நம்ம புள்ள கணுக்காலில் ஒட்டுகிற மாதிரி முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாய். "வலிக்குதுன்னு மொகத்துல தெரியக் கூடாதுடி, மார்க் போடுறவங்க மொகத்தையும் பாப்பாங்க" என்று எனக்குச் சட்டம் வேறு சொன்னாய். கொழுந்துப் போட்டியில் எவன் முகத்தைப் பார்க்கிறான்?

டிவிசனில் நீதான். தோட்டத்தில் நீதான். ஹட்டனுக்குத் தோட்டத்து லொறியில் போனோம். பந்தல், ஒலிபெருக்கி, முன் வரிசையில் துணி போர்த்திய நாற்காலிகள், தோட்டங்களை நடத்துகிற, தொப்பி போட்ட துரைமார். விசில் ஊதியதும் உன் கை இரண்டும் செடிக்குள் போயின. அவ்வளவு நாள் உன் பக்கத்து நிரையில் நின்றவள் நான், உன் கையைச் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கண் ஒரு செடி முன்னால் போகும், கை பின்னால் வரும். ஒரு இலை கீழே விழவில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

பாதியில் நீ விழுந்தாய். ஈரக் கல்லில் கால் வழுக்கி, முழங்கால் மடங்கி, செடிக்குள் சரிந்தாய். கூடை கவிழவில்லை. ஒரு செடியைப் பிடித்து எழும்பி அதே கையால் கொழுந்தைக் கிள்ளினாய். கடைசியில் மாலை போட்டு, கப்பும் கொடுத்து, சோறாக்கும் கரண்ட் பானையும் கொடுத்தார்கள். மாலையோடு என்னிடம் நொண்டி நொண்டி வந்து, "நம்ம புள்ள மாதிரியே எழும்புனேன்லடி?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அவள் விழுந்தால் ஒரு மார்க்காவது வெட்டுவார்கள். நீ விழுந்ததை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை.

நம் துரை ஒலிபெருக்கியில் பேசினார். இந்தக் கை எங்கள் தோட்டத்தின் சொத்து என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய், பைத்தியக்காரி.

திங்கட்கிழமை காலையில் நீ கூடையே எடுக்கவில்லை. பெரட்டுக்கும் போகவில்லை. உட்காருவதற்கு ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே தவாரணைக்குப் போய்விட்டாய். அங்கே இருந்த கங்காணி, உனக்கு இங்கே பேர் இல்லையே என்று திருப்பி அனுப்பினார். நீ பெரட்டுக்களத்துக்கு ஏறி வரும்போது நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். கண்டாக்கையாவுக்கு உன் சாக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, கப்பெடுத்த கைய யாராச்சும் மண்ணள்ள விடுவாங்களா? தொரை என்னைய உரிச்சுப்புடுவாரு."

"நீங்கதானங்கய்யா சொன்னீங்க, கப்பு எடுத்தா…"

"சொன்னேன். நீ இப்பிடி எடுப்பேன்னு நெனச்சேனா? ரெண்டாவது மூணாவது வருவ, பாவம், ஒக்கார வைக்கலாம்னு பாத்தேன். இப்ப நீ பெரிய ஆளு."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். உன்னைப் பெருமைப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தார்கள். அன்றிலிருந்து உன்னை நல்ல கொழுந்து வருகிற மேல்மலைக்கே போட்டார்கள். அதுதான் இருப்பதிலேயே செங்குத்து. வெள்ளைக்காரர்கள் வந்தால் உன்னைக் கூப்பிட்டு, கூடையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் உன் முழங்கால் செடிக்குள் மறைந்திருக்கும்.

அடுத்த வருஷப் போட்டிக்கு நீயே போக வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்போது நான் உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்? "தோத்துப் போடி. முத்தல கலந்து எடு. ரெண்டு கொழுந்த செடியிலயே விடு. கெட்டிக்காரின்னு பேரு போனாத்தான் ஒனக்குக் காலு மிஞ்சும்." நீ சரி என்றாய். சத்தியம் பண்ணினாய். போய் மறுபடி முதலாவதாக வந்து நின்றாய்.

நான் உன்னோடு பேசவில்லை. நீயே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாய், காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு.

"நெனச்சுக்கிட்டுத்தான்டி போனேன். கை கேக்க மாட்டேங்குது. முத்தல தொட்டா வெலகி வெலகி வருது, நான் என்ன பண்ண?"

எனக்கு இன்றைக்கும் அந்தக் கண்டாக்கையா மேல் எவ்வளவு ஆத்திரம் இருக்கிறதோ அதில் பாதி உன் மேலும் இருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மட்டமாக எடுக்க உனக்குத் தெரியவில்லை. வாழத் தெரியாதவள் என்று உன்னை நான் திட்டியதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டேன்.

நம்ம புள்ள ஒரு வருஷம் கழித்து மறுபடி ஐஸுக்கு வந்தாள். எல்லா நாடும் கூடுகிற பெரிய போட்டியில் நாலாவதாக முடித்தாள். மூன்றாவது வந்தவளுக்கும் இவளுக்கும் மயிரிழைதான் என்று நானா சொன்னார். அதற்கடுத்த பருவத்தில், அவள் சொந்த நாட்டுப் போட்டியில்தான் அது நடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்றரைச் சுற்றுக்கு ஓடி வந்தவள் எழும்பவே இல்லை. அப்படியே வேகத்தைக் குறைத்து, நின்று, நடுவர் பக்கம் போய் ஏதோ சொல்லி, குனிந்து வணங்கினாள். பாட்டை நிறுத்தினார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. கிழவர் வாசலில் உறையோடு நின்றார்.

சில நாளில் அவள் பேட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நாம் நானாவின் கடையில் நின்றுகொண்டிருந்தோம். கீழே ஓடிய இங்கிலீஷை அவர் வாசித்துச் சொன்னார். "காலு இனித் தாங்காதாம். இதோட போதும்னு முடிவெடுத்துட்டாவாம். எல்லாருக்கும் நன்றி சொல்றா."

நீ கேட்டாய்.

"போதும்னு யாரு நானா சொன்னது? அந்தக் கெழவரா?"

"இல்ல தங்கச்சி, அவவேதான்."

"அவளே சொன்னா விட்டுருவாங்களா?"

நானா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். ரீலோட் போடாமலே நீ இறங்கிப் போய்விட்டாய். பஸ்ஸில் வரும்போது, அவள் திமிர் பிடித்தவள், இன்னும் ஒரு கப் எடுத்திருக்கலாம், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவள் எல்லாம் ஒரு ஆளா என்று திட்டித் தீர்த்தாய். கண்ணில் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நீ அவளைப் பற்றிப் பேசவே இல்லை.

குளவி கலைந்த காலை நல்ல வெயில். மேல்மலையின் உச்சியில், காட்டை ஒட்டிய கல்லில் கூடு இருந்தது எல்லாருக்கும் தெரியும். எடுக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டோம், அதற்கும் பாக்கலாம்தான். பருந்து அடித்ததோ, காற்று அடித்ததோ, இரைச்சல் கேட்டது. யாரோ "குளவி!" என்று கத்தியதும் எல்லாரும் கூடையை வீசிவிட்டுக் கீழே ஓடினார்கள். உன்னால் ஓட முடியவில்லை. இரண்டு எட்டு வைத்தாய், முழங்கால் விட்டுவிட்டது, செடிக்குள் விழுந்தாய். இந்தத் தடவை நீ எழும்பவில்லை.

நான் வந்தேன். உன் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். என் படங்கை அவிழ்த்து உன் மேல் போர்த்தினேன். முகம், காது, கை எல்லாம் கொட்டியது, எனக்குக் கண் தெரியவில்லை. உன்னைத் தூக்க என்னால் முடியவில்லையடி. இழுக்கத்தான் முடிந்தது, அதுவும் ஒரு கான் வரைக்கும். ஆம்பிளைகள் புகை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது நீ முனகிக்கொண்டிருந்தாய். அம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்க முடியாதென்று கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். காலையில் நாம் நிறுத்துக் கொடுத்த கொழுந்துச் சாக்குகள் மேலே உன்னையும் என்னையும் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவள் நான் மட்டும்தான்.

உன் சாவுக்கு நான் வார்டில் இருந்து எழும்பி வந்தேன், ஒரு கண் மூடியபடி. தோட்டத்தில் சவப்பெட்டி கொடுத்தார்கள், பெரிய மலர்வளையம் வைத்தார்கள். உன் வீட்டுக்காரர் ரயிலை விட்டு இறங்கி வந்தவர், டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்டாக்கையா உன் காலடியில் நின்று நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல கை போச்சு" என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. எனக்கு உதடு வீங்கியிருந்தது, பேச்சு வரவில்லை. உன் இரண்டு கப்பும் மாலை போட்ட உன் படமும் இப்போது ஆபீஸ் சுவரில் இருக்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

கொட்டு வாங்கியதில் என் வலது கை விரல்கள் இரண்டு சரியாக மடங்குவதில்லை. முன்பே என் கை ஒன்றும் பெரிய கையில்லை, இப்போது இன்னும் மட்டம். திரும்பி வேலைக்குப் போன கொஞ்ச நாளில் ஒரு காலை, பெரட்டில் கண்டாக்கையா என்னைப் பார்த்து, "நீ மலையில நின்னு என்னத்துக்கு ஆகப்போகுது? தவாரணைக்குப் போ" என்றார். நான் கேட்கவே இல்லை. எந்த டாக்டரிடமும் எழுதி வாங்கவில்லை. ஒரு வாய்ச்சொல், அவ்வளவுதான். வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தானே லயத்துக் காம்பரா அறை நமக்கு? போனேன்.

இப்போது பலகையில் உட்கார்ந்து மண் நிரப்புகிறேன். மேலே தகரம், மழை உள்ளே வருவதில்லை. நீ கேட்டது அத்தனையும் இங்கே அப்படியே இருக்கிறது. மத்தியானத்தில் இங்கிருந்து பார்த்தால் மேல்மலை முழுக்கத் தெரியும், பெண்கள் நிரை பிடித்து ஏறுவது தெரியும். நான் பார்க்காமல் குனிந்துகொள்கிறேன். உனக்கு வலிக்காமல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு வலிக்காமல் இருக்கிறது, அந்தப் பாரத்தைத்தான் நான் இன்னும் சுமக்கிறேன், வேறு எதையும் நீ விட்டுப் போகவில்லை.

போன வாரம் கீழே இருக்கிற பணிய லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நம்மைவிடச் சின்னவள், நன்றாகக் கொழுந்தெடுப்பவள் என்று பேர். இடுப்புப் பிடித்துக்கொண்டதாம், நிமிர முடியவில்லை. தகரத்துக்கு வெளியே நின்று என் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்பிடிக்கா இந்த எடத்த வாங்குனீங்க? என்னா பண்ணுனா தருவாங்க?"

"எனக்குக் கப்பெடுக்கத் தெரியாதுல்ல" என்றேன். "அதான் தந்தாங்க."